மடலேறுவோன் சூடிய ஆவிரை: ஒரு மறுவாசிப்பு

மடலேறுதல் என்னும் துறையைப் பள்ளியில் தமிழை முதற்பாடமாகப் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காதல் கைகூடாத தலைவன் பனைமடலால் ஒரு குதிரை செய்து, அதன்மேல் ஏறி, தலைவியின் ஊர்த்தெருவில் எல்லாரும் பார்க்க வருவேன் என்கிறான். குறுந்தொகையில் பெரும்பாலும் 'வருவேன்' என்ற பேச்சோடு நின்றுவிடும். கலித்தொகையில் ஏறியே விடுகிறான். பனைமடலின் இரண்டு ஓரமும் கருக்கு; தொட்டாலே கையைக் கிழிக்கும். அதில் உட்கார்ந்து வருவது எப்படிப்பட்ட வேதனை என்று பனை பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் குதிரைக்கும் ஏறுகிறவனுக்கும் அணியாக வரும் பூக்களில் முக்கியமானவை மூன்று: எருக்கு, பூளை, ஆவிரை. ஆவிரைதான் நம்ம ஊர்ப்பக்கம் ஆவாரை, ஆவாரம்பூ.

எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் இந்த இடத்தை ஒரே வரியில் கடந்துவிடுவார். "இவையெல்லாம் யாரும் சூடாத இழிந்த பூக்கள், நாணத்தை விட்டவன் என்று காட்டச் சூடுகிறான்." எழுதினால் இரண்டு மதிப்பெண் நிச்சயம். அவரைக் குறை சொல்லவில்லை. இன்றைக்கும் பல வகுப்பறைகளில் இந்த விளக்கம்தான் ஓடுகிறது. எருக்குக்கு இது ஓரளவு பொருந்தும். ஆவிரைக்குப் பொருந்தாது என்பது என் கட்சி. ஐதராபாத்துக்கு வந்து பல வருடம் கழித்து, அந்தச் செடியை வளர்க்கப் போய்த் தோற்ற பிறகுதான் எனக்கே இது உறைத்தது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் பாட்டு.

குறுந்தொகை 17-ஆம் பாட்டில் பேரெயின் முறுவலார் என்ன சொல்கிறார்? காமம் முற்றினால் ஆண்கள் மடலையே குதிரை என்று கொண்டு ஏறுவார்கள், எருக்கின் குவிந்த மொட்டையே பூ என்று கொண்டு சூடுவார்கள் என்கிறார். இதில் இரண்டு 'என்று கொண்டு' இருக்கிறது. மடல் எப்படி உண்மையில் குதிரை இல்லையோ, அப்படியே எருக்கு உண்மையில் சூடும் பூ இல்லை. நம் ஆசிரியரின் விளக்கம் இந்தப் பாட்டுக்கு அளவெடுத்துத் தைத்தாற்போல் இருக்கிறது.

இப்போது அதே நூலில் 173-ஆம் பாட்டுக்கு வாருங்கள். அங்கே பனைமடற் குதிரைக்கு ஆவிரை மாலை. புலவர் அந்தப் பூவைப் பொன்னுக்கு நிகர் என்கிறார். அன்றலர்ந்த புதுப்பூ என்கிறார். பல நூல் கொண்டு நெருக்கமாகக் கட்டிய மாலை என்கிறார். குதிரையின் கழுத்தில் மணி ஒலிக்கிறது. அதற்கப்புறம்தான் நாணத்தைக் கொன்றுவிட்டு வருவதைப் பற்றிப் பேச்சு. இழிந்த பூ என்றால் புதுப்பூவாகத் தேடிப் பறிப்பானேன்? பல நூல் எடுத்து நெருக்கிக் கட்டுவானேன்? 'பூ என்று கொண்டு' என்கிற மாதிரி ஒரு இடைவெளி இங்கே இல்லவே இல்லை. பொன் என்ற ஒப்புமையைக் கேலி என்று சிலர் சொல்லக்கூடும். கேலி என்றால் பாட்டில் வேறெங்காவது அதன் சாயல் தெரிய வேண்டும். எனக்குத் தெரியவில்லை.

நெய்தற்கலியில் வரும் மடற்பாட்டில் பூளை, ஆவிரை, எருக்கு மூன்றும் ஒரே கட்டில் வருகின்றன. கூடவே மயிற்பீலியும் வருகிறது. மயிற்பீலியை இழிந்தது என்று எந்த ஆசிரியரும் சொல்லத் துணிய மாட்டார். அப்படியானால் அந்தக் கட்டு முழுவதையும் அவமானச் சின்னம் என்று எப்படிப் படிப்பது? கபிலரின் குறிஞ்சிப்பாட்டையும் பாருங்கள். அருவியில் ஆடிவிட்டு வந்த தலைவியும் தோழியரும் பறித்துப் பாறையில் குவிக்கும் 99 பூக்களின் பட்டியலில் ஆவிரை இருக்கிறது, பூளையும் இருக்கிறது. பெண்பிள்ளைகள் ஆசையாகப் பறித்த பூ, ஆண்பிள்ளை சூடினால் மட்டும் இழிந்துவிடுமா?

(குறிஞ்சிப்பாட்டுப் பட்டியலை ஒரு மலையின் தாவரக் கணக்கெடுப்பு போல எடுத்துக்கொண்டு கட்டுரை எழுதுகிறவர்கள் உண்டு. அது ஆரிய அரசனுக்குத் தமிழ் காட்டச் செய்தது என்பது மரபு. ஒரு கை பார்த்துவிடுவோம் என்று கபிலர் அடுக்கிய அடுக்கு அது. அதிலுள்ள 99-ம் ஒரே மலையில் ஒரே நாளில் பூக்கும் என்று நம்புவது கபிலருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அந்தப் பட்டியல் நமக்கு ஒன்றை மட்டும் சொல்கிறது: இவை பெண்கள் தொடத் தகாத பூக்கள் என்று அவர் நினைக்கவில்லை.)

பின் ஏன் ஆவிரை? இங்கேதான் நம் உரைக்குறிப்புகள் கைவிடுகின்றன. சங்க இலக்கியச் செடிகொடிகளை இன்னது இன்னது என்று அடையாளம் காட்டப் பி. எல். சாமி போன்றவர்கள் அரும்பாடு பட்டார்கள். அவர்கள் வழியாகப் பெயரும் தாவர நூற்பெயரும் நமக்குத் தெரிந்துவிட்டன. ஆவிரை என்பது சென்னா ஆரிகுலேட்டா; பழைய பெயர் காசியா ஆரிகுலேட்டா. ஆரிகுலேட்டா என்றால் காதுடையது. இலைக்காம்பின் அடியில் காதுமடல் மாதிரி அகலமான இலையடிச் செதில் இருப்பதால் வந்த பெயர். சரி, பெயர் கிடைத்துவிட்டது. அந்தச் செடி எங்கே நிற்கும், எதைச் சாப்பிட்டு வாழும், எப்போது பூக்கும் என்று நாம் கேட்பதில்லை. பாட்டின் பொருள் பாதி அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

என் தோல்விக் கதை இதோ. சில வருடங்களுக்கு முன் பொங்கலுக்குக் காப்புக் கட்ட ஆவாரம்பூ வேண்டும் என்று நம் கோவை, ஈரோட்டுக் குடும்பங்கள் கேட்டார்கள். ஊரிலிருந்து யாராவது வந்தால் துணிப்பையில் கொண்டுவருவதுதான் வழக்கம். வந்து சேர்வதற்குள் வதங்கிவிடும். சங்க வளாகத்திலேயே ஒரு செடி வைத்துவிடுவோம் என்று நான்தான் பொறுப்பேற்றேன். வேப்பமரத்துப் பக்கம் நல்ல நிழலான இடம் பார்த்து, ஒரு லோடு செம்மண் வாங்கி, தொழுவுரம் கலந்து, வேரோடு கொண்டுவந்த செடியை நட்டு, தினம் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். மூன்று வாரத்தில் இலை மஞ்சளாகிச் செத்தது. அடுத்த வருடம் இன்னும் கவனமாக, இன்னும் அதிகத் தண்ணீர். அதுவும் போயிற்று. வளாகம் பெருக்க வரும் அம்மா தமிழும் தெலுங்கும் கலந்து கேட்டார்: "தங்கேட்டுக்கு யாராச்சும் தண்ணி ஊத்துவாங்களா சார்?"

அவர் சொன்ன பிறகுதான் தங்கேடும் ஆவாரையும் ஒன்று என்பதே என் மண்டையில் ஏறியது. இத்தனை வருடமாக இந்த ஊரைச் சுற்றியுள்ள பாறைமேட்டிலும் ரயில்பாதை ஓரத்திலும் மஞ்சளாகப் பூத்துக் கிடந்த புதரைப் பார்த்துக்கொண்டே, ஊரிலிருந்து பையில் பூ வரவழைத்திருக்கிறேன்!

அந்த அம்மாவே நெற்று கொண்டுவந்து கொடுத்தார். தட்டையாக, காகிதம் மாதிரி மெல்லிசாக, பழுப்பு நிறத்தில் இருக்கும். விதையின் தோல் கெட்டி. அப்படியே போட்டால் மாதக்கணக்கில் கிடக்கும். கொதித்து இறக்கிய நீரில் போட்டு இரவு முழுவதும் ஊறவைக்கலாம், அல்லது உப்புத்தாளில் லேசாகத் தேய்த்துவிட்டுப் போடலாம். மதில் கட்டியபோது மிச்சமான சரளையும் செங்கல் உடைசலும் ஒரு மூலையில் கிடந்தன; நாள் முழுக்க வெயில் விழும் இடம். அங்கே மழைக்கு முன்னால் நான்கு குழி போட்டு விதைத்துவிட்டு, சொன்னபடி மறந்துபோனேன். இரண்டு செடி நின்றன. இப்போது ஆள் உயரம் இருக்கின்றன.

ஆவாரை ஆழமாக வேர் இறக்கும் செடி. அதனால்தான் பிடுங்கி நடுவதை அது விரும்புவதில்லை, விதை விழுந்த இடமே அதற்கு இடம். வருடத்துக்கு 500, 600 மில்லிமீட்டர் மழை பெய்யும் வறண்ட நாட்டில் அது சௌகரியமாக இருக்கிறது. செம்மண், கரிசல், சரளை எல்லாம் ஒன்றுதான். நீர் தேங்கினால் அழுகும். நிழலில் பூக்காது. மாடுகள் அதை மேய்வது அரிது. ஆகவே மற்ற பச்சை எல்லாம் மொட்டையாகிப் போன மேய்ச்சல் தரையில் இது மட்டும் பூத்து நிற்கும். அவரைக் குடும்பம்தானே, வேரில் முடிச்சு வைத்து மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும் என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். சென்னா இனங்கள் பொதுவாக வேர்முடிச்சு வைப்பதில்லை. ஆவாரந்தழையை வயலில் மிதித்துப் பசுந்தாள் உரமாக்குவது வேறு விஷயம். அது நம் உழவர்கள் காலம்காலமாகச் செய்தது. பட்டையில் துவர்ப்பு மிகுதி என்பதால் தோல் பதனிடுவதற்கு ஆவாரம்பட்டைதான் தென்னாட்டில் வெகுகாலம் கைகொடுத்தது. பிறகு தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்தது, அதற்கும் பிறகு குரோம் வந்தது. திண்டுக்கல்லிலோ வாணியம்பாடியிலோ வயதானவர்கள் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

பூவில் தேன் இல்லை, மகரந்தம் மட்டும்தான். அதுவும் மகரந்தப்பையின் நுனியில் உள்ள சிறு துளை வழியாகத்தான் வெளிவரும். கருப்பாகப் பெரிதாக இருக்கும் தச்சுத்தேனீ வந்து பூவைக் கட்டிப் பிடித்து உடம்பை அதிரவைத்தால் உப்புக் குப்பியைக் குலுக்கினாற்போல் கொட்டும். எங்கள் மூலையில் காலை வேளையில் அந்த ரீங்காரம் கேட்கிறது.

இதையெல்லாம் பார்த்தபின் மடற்பாட்டைத் திரும்ப எடுத்தேன். பனை, எருக்கு, பூளை, ஆவிரை. நான்குக்கும் பொதுவானது என்ன? நான்கும் தண்ணீர் ஊற்ற ஆளில்லாதவை. வேலிக்கு உள்ளே இருப்பவை அல்ல. மல்லிகைக்குப் பந்தல் வேண்டும், கிணறு வேண்டும், நீர் இறைக்க ஒரு கை வேண்டும். அதாவது ஒரு வீடு வேண்டும். ஆவிரைக்கு ஒன்றும் வேண்டாம். யாருடைய தோட்டத்துப் பூவும் இல்லை என்பதால் யாரையும் கேட்காமல் பறிக்கலாம். மடலேறுகிறவன் இருக்கும் நிலைமையை யோசியுங்கள். அவனுக்குப் பெண் தர மறுத்துவிட்டார்கள். சொல்லி அனுப்ப ஆளில்லை, தோழியும் கைவிரித்துவிட்டாள். ஊருக்கு வெளியே நிற்கிறான். அவன் கைக்கு எட்டுகிற பொன் அது ஒன்றுதான். அதைப் புதிதாகப் பறித்து, பல நூல் போட்டு, தன்னால் முடிந்த அளவுக்கு அழகாகக் கட்டுகிறான். கல்யாணக் குதிரைக்கு என்னென்ன உண்டோ, மணி உட்பட, அவன் பொய்க்குதிரைக்கும் உண்டு. அவமானம் அந்தப் பூவில் இல்லை. ஊருக்கு வெளியே நிற்க வேண்டிய பூவைத் தெருவுக்குள் கொண்டுவருகிறான் பாருங்கள், ஊர் திடுக்கிடுவது அங்கேதான்.

நம் பள்ளிக்கூடத்து ஐந்திணை அட்டவணையில் ஆவிரைக்குக் கட்டம் கிடையாது. குறுந்தொகைப் பாட்டைக் குறிஞ்சி என்று வகுத்திருக்கிறார்கள், கலிப்பாட்டோ நெய்தலில் இருக்கிறது. ஒரு நிலத்துப் பூ இன்னொரு நிலத்தில் வருவதற்குத் தொல்காப்பியரே இடம் கொடுத்திருப்பதால் இதில் இலக்கண வழு ஒன்றுமில்லை. ஆனால் செடியைக் கேட்டால் அது வேறு பதில் சொல்லும். மலையும் இல்லை, காடும் இல்லை, வயலும் இல்லை, கடற்கரையும் இல்லை. இவற்றுக்கு நடுவே உழாமல் விட்ட மேட்டு நிலம், வரி கட்டாத நிலம். அதற்குத் தமிழில் ஒரு அருமையான சொல் இருக்கிறது: புறம்போக்கு. இன்றைக்கு அதை ஆளைத் திட்டவும் வைத்திருக்கிறோம். மடலேறி வருகிறவனைப் பார்த்து ஊரார் என்ன சொல்லியிருப்பார்கள் என்று ஊகிக்க ரொம்பச் சிரமப்பட வேண்டாம்.

ஒரு மறுப்பு வரும் என்று தெரியும். "ஆவாரம்பூவும் பூளைப்பூவும் வேப்பிலையும் சேர்த்துத்தானே கொங்கு நாட்டில் பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிறோம்? அதுவே போதுமே, அது மங்கலப்பூ என்பதற்கு!" என்று நம் அன்பர் ஒருவர் வாதாடினார். என் கட்சிக்கு வலு சேர்க்கிற வாதம்தான், ஆனாலும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. இன்றைய வழக்கத்தை வைத்து இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய பாட்டுக்குச் சான்று சொல்ல முடியாது. இரண்டுக்கும் நடுவே என்னென்ன மாறியதோ. ஆனால் ஒன்று கவனிக்கத் தக்கது. மடற்பாட்டில் சேர்ந்து வரும் அதே ஆவிரையும் பூளையும்தான் இன்றும் கூரை எரவாணத்தில் சேர்ந்து தொங்குகின்றன. இரண்டும் ஒரே மாதிரித் தரிசில் பக்கத்துப் பக்கத்தில் வளர்பவை, மார்கழி தையில் கைக்குக் கிடைப்பவை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் நம்ம ஊர்த் தரிசு மஞ்சளும் வெள்ளையுமாக இருக்கும். புலவரும் சரி, கொங்கு நாட்டு ஆத்தாவும் சரி, ஒரே மண்ணில் குனிந்து பறித்தார்கள். இதற்கு மேல் சொன்னால் அது ஆசையாகிவிடும்.

இங்கே தெலங்காணாவில் அதே செடி வேறு மாதம் திருவிழாவுக்கு வருகிறது. இந்தப் பக்கம் தென்மேற்குப் பருவமழைதான் பெருமழை. அது முடியும் புரட்டாசி ஐப்பசியில் தங்கேடு பூத்துத் தள்ளும். மகாளய அமாவாசையில் தொடங்கி ஒன்பது நாள் நடக்கும் பதுகம்மாவில் தாம்பாளத்தில் அடுக்கடுக்காகப் பூக்கோபுரம் கட்டுகிறார்களே, அதில் தங்கேடும் குனுகும்தான் பிரதானம். குனுகு என்பது நம்ம பண்ணைப்பூ. இரண்டும் தரிசுப் பூ, இரண்டுக்கும் தோட்டக்காரர் கிடையாது. சுற்றி நின்று பாடி ஆடிவிட்டு ஏரியில் விடுவார்கள். 2014-இல் மாநிலம் அமைந்தபோது தங்கேட்டையே மாநிலப் பூவாக அறிவித்தார்கள். புறம்போக்கில் நின்ற செடிக்கு வந்த யோகத்தைப் பாருங்கள். அதே சமயம் ஐதராபாத்தைச் சுற்றிப் பிளாட் போடாத மேட்டு நிலம் இன்று அரிதாகிவிட்டது. பதுகம்மாவுக்குத் தங்கேடு கடையில் கட்டுக் கட்டாக விலைக்கு வருகிறது. காசு கொடுத்து வாங்கும் ஆவிரையை வைத்து அந்தப் பழைய பாட்டை எப்படி விளங்கவைப்பது என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.

மராட்டியத்தில் தர்வட், குஜராத்தில் ஆவள், கன்னடத்தில் தங்கடி என்று இதே செடி நம்மவர்கள் குடியேறிய பல ஊர்களில் உண்டு. சோலாப்பூர்ப் பக்கம் வண்டியில் போனால் சாலையோரத்தில் பார்க்கலாம். "இங்கே ஏதுங்க ஆவாரை" என்று நம் வீடுகளில் சொல்வது பெரும்பாலும் பார்க்காமல் சொல்வதுதான், என்னைப் போல.

நம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் போன வருடம் 'சங்கப்பூக்கள்' கண்காட்சி வைத்தோம். ஆவிரை என்று எழுதி ஒட்டிய அட்டையின் கீழ் குழந்தைகள் கொண்டுவந்து வைத்திருந்தது புனல் மாதிரி நீண்ட மஞ்சள் பூ. அமெரிக்காவிலிருந்து வந்து இங்கே வேலிதோறும் அழகுக்கு வைக்கும் டெக்கோமா அது. இன்னொரு பிள்ளை சரக்கொன்றையைக் கொண்டுவந்திருந்தான். பிள்ளைகள் மேல் தப்பில்லை. மஞ்சள் பூ என்று மட்டும்தான் நாம் சொல்லிக்கொடுத்திருந்தோம். "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்ற பழமொழியை ஒரு குழந்தை மழலையில் சொல்லிக் கைதட்டல் வாங்கியது. அந்தப் பழமொழி இப்போது சர்க்கரை நோய்க்கான பொட்டலங்களின் மேல் அச்சாகி வருகிறது. மருந்தைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் இல்லை, மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கண்காட்சி முடிந்தபின் நாலைந்து பெரிய பிள்ளைகளை அந்த மூலைக்குக் கூட்டிப்போய், ஐந்து இதழையும் காதுமடல் மாதிரி இருக்கும் இலையடியையும் காட்டினேன். குறுந்தொகைப் பாட்டையும் அங்கேயே நின்று சொன்னேன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் செங்கல் உடைசலைக் காலால் தள்ளிப் பார்த்துவிட்டு, "அங்கிள், இந்த இடத்துல வேற எதுவுமே வரலையே, அதனாலதான் அவன் இதை எடுத்தானா?" என்று கேட்டாள். என் விளக்கம் முழுதும் அந்த ஒரு கேள்வியில் இருந்தது. பதில் சொல்லாமல் நெற்று பறிக்கச் சொன்னேன்.

அப்படிப் பறித்த நெற்றுகளை ஒரு காக்கி உறையில் போட்டுச் சங்க நூலகத்தில், சங்க இலக்கிய அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். வேண்டுகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம். ஒரு வீட்டுக்குப் பத்து விதை போதும். ஜூன் மாத மழைக்கு முன் வெயிலான, மேடான இடத்தில் நேரடியாகப் போடுங்கள், பூந்தொட்டி வேண்டாம். முளைத்து ஒரு சாண் வந்தபின் தயவுசெய்து தண்ணீர்க் குடத்தை உள்ளே வைத்துவிடுங்கள்.